வீதிச் சமிக்ஞைப் படத்தை வெக்டராக்குவது: ட்ரேஸ் எங்கே, கையால் வரைவது எங்கே

கொழும்பின் காலி வீதியில் போனில் எடுத்த சமிக்ஞைப் பலகையின் படத்தை, வெக்டர் (எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாத கோட்டு வடிவம்) வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் இறக்கி, விளிம்புகளைத் தானாகவே கோடாக்கும் ட்ரேஸைக் கொடுத்தால், சில வினாடியில் ஏதோ ஒன்று வந்துவிடும். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுக்கும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும். வட்டம் முட்டை வடிவில் நிற்கும், சிவப்புக் கரைக்கும் வெள்ளைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு ரோஸ் நிற வளையம் இருக்கும், நான்கு நோட் (கோட்டைப் பிடித்திருக்கும் புள்ளி) போதுமான வளைவில் அறுபது நோட் கிடக்கும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளொட்டரின் கத்தி ஒவ்வொரு நோட்டிலும் தடுக்கித் தடுக்கிப் போவதால் விளிம்பு பல்லுப் பல்லாக வரும், மெல்லிய துண்டுகள் ஒட்டும்போதே உரிந்துவிடும்.

சமிக்ஞைப் பலகை என்பது வட்டம், சதுரம், எண்கோணம், நேர்கோடு என்று அளவோடு கட்டப்பட்ட ஒன்று. அதன் சட்டகத்தை ட்ரேஸ் செய்வது வீண் வேலை. அளந்து, புதிதாக வரைய வேண்டும். ட்ரேஸுக்கு வேலை இருப்பது நடுவில் உள்ள உருவத்துக்கு மட்டும்தான்: பிள்ளைகள், மாடு, யானை, சைக்கிள். அதுவும் எல்லா உருவத்துக்கும் இல்லை.

கீழே சொல்வதெல்லாம் இன்க்ஸ்கேப் 1.0க்குப் பிந்தைய பதிப்புகளுக்கும், படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் 2.10க்கும் பொருந்தும். இரண்டும் இலவசம். சாரதிப் பயிற்சிப் புத்தகம், வகுப்பறைச் சுவரொட்டி, தனியார் வாகனத் தரிப்பிடம் போன்ற வேலைகளை மனதில் வைத்தே எழுதுகிறோம். பொது வீதியில் பலகை நடுவது அதற்குரிய அதிகார சபையின் வேலை.

வரையத் தொடங்கும் முன்

ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் பல நாடுகளின் சமிக்ஞைகள் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்புகளாகவே உள்ளன. கையில் பிடிஎஃப் ஆவணம் இருந்தால் அதைத் திறந்து, போகும் அளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகவே இருந்தால் உள்ளே வெக்டர் இருக்கிறது. இன்க்ஸ்கேப்பில் அந்தப் பக்கத்தை நேரே இறக்கி, குழுவைப் பிரித்தால் வேலை முடிந்தது. சதுரம் சதுரமாக உடைந்தால் அது வெறும் ஸ்கேன்.

வெளிநாட்டுக் கோப்பை எடுத்துத் திருத்துவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இங்கே சுற்றுவட்ட அம்புகள் வலஞ்சுழியாகப் போக வேண்டும். யூ திருப்பத்தின் அம்பு இடப்புறம் ஏறி வலப்புறம் இறங்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் கோப்பில் இது தலைகீழாக இருக்கும். முழுப் படத்தையும் கண்ணாடி போல் திருப்பினால் தடைப் பலகையின் குறுக்குப் பட்டையும் சேர்ந்து எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அம்பை மட்டும் பிரித்துத் திருப்புங்கள்.

படம் எடுப்பது

பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து எடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து மீட்டர் பின்னே போய், ஒளியியல் ஜூம் இருந்தால் அதில் எடுங்கள். தூரம் கூடக் கூட, மேலும் கீழும் ஒரே அளவாகத் தெரியும். பிறகு நிமிர்த்துவதும் சுலபம். பிளாஷை நிறுத்திவிடுங்கள். பலகையில் ஒட்டியிருப்பது ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தாள். பிளாஷ் பட்டால் மஞ்சளும் வெள்ளையும் எரிந்துபோய், கறுப்பு உருவத்தின் விளிம்பையும் தின்றுவிடும். கொழும்பில் மேற்கு நோக்கி நிற்கும் பலகைகளை மாலையில் எடுத்தாலும் இதே கதைதான். மேகம் மூடிய நேரம் அல்லது காலை நிழல் நல்லது.

படம் குறைந்தது 1500 பிக்சல் அகலமாவது இருக்கட்டும். ஒருவர் எடுத்து மற்றவருக்கு அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பக் கூடாது. டொகியுமென்ட் என்று தெரிவுசெய்து அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்தது மாதிரி ஜேபெக் அழுக்கு சேர்ந்துவிடும்.

புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்வதென்றால் 600 டிபிஐ. அச்சுப் புள்ளிகள் தெரியும். ஜிம்ப்பில் கௌஷியன் பிளர் 2 முதல் 3 பிக்சல் கொடுத்து, பிறகு பாதி அளவுக்குக் குறையுங்கள்.

நிமிர்த்துவது

இன்க்ஸ்கேப்பில் பிட்மேப் (பிக்சல்களால் ஆன) படத்தின் சாய்வைச் சரிசெய்ய முடியாது. அதற்கு ஜிம்ப். பர்ஸ்பெக்டிவ் கருவியை ஷிஃப்ட் + பி (P) அழுத்தி எடுத்து, டைரக்‌ஷன் என்ற இடத்தில் கரெக்டிவ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இப்போது நான்கு மூலைகளையும் பலகையின் நான்கு மூலைகளில் வைத்தால், அந்தச் சரிந்த நாற்கோணம் நேராகும்.

மூலைகளை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். பலகையின் மூலைகள் உருண்டையாக வெட்டப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் அந்த உருண்டை முனையில் வைத்தால் எல்லாம் சற்றே சுருங்கி, கோணமும் பிசகும். கருவியின் வலைக்கோடு பலகையின் நேரான விளிம்போடு படியும்படி இழுங்கள். கோடுகளை நீட்டினால் எங்கே சந்திக்குமோ அதுவே மூலை. அது பலகைக்கு வெளியே காற்றில்தான் இருக்கும்.

வட்டப் பலகைக்கு மூலை இல்லை. தூரத்தில் நின்று ஜூமில் எடுத்த படமானால் அதற்கு எளிய வழி உண்டு. சாய்ந்து தெரியும் வட்டம் ஒரு நீள்வட்டம். அதன் நீண்ட அச்சுதான் உண்மையான விட்டம். படத்தைச் சுழற்றி, நீண்ட அச்சைக் கிடையாகக் கொண்டுவாருங்கள். குறுகிய அச்சின் திசையில் மட்டும் இழுத்து இரண்டையும் சமமாக்குங்கள். நீண்டது 840 பிக்சல், குறுகியது 780 என்றால் உயரத்தை 840 ÷ 780, அதாவது 107.7 சதவீதம் ஆக்க வேண்டும். பின்பு திரும்பவும் சுழற்றி, உள்ளே இருக்கும் உருவம் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். கிட்ட நின்று எடுத்த படத்துக்கு இது சரிவராது. அங்கே வட்டத்தின் நடுப்புள்ளியே இடம் மாறியிருக்கும். பலகையைத் தாங்கும் சட்டமோ, கீழே உள்ள சதுரத் துணைப்பலகையோ இருந்தால் அதைக் கொண்டு நான்கு மூலை முறையில் நிமிர்த்துங்கள்.

சட்டகம்: அளந்து கட்டுவது

இன்க்ஸ்கேப்பில் புதிய கோப்பு. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்தி அலகை மில்லிமீட்டராக்கி, பக்கத்தைப் பலகையின் உண்மை அளவுக்கு மாற்றுங்கள். நிமிர்த்திய படத்தைக் கன்ட்ரோல் + ஐ மூலம் இறக்கி, எம்பெட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். லிங்க் என்று விட்டால் கோப்பு வேறு கணினிக்குப் போகும்போது படம் காணாமல் போகும். அதைத் தனி லேயரில் வைத்து, ஒப்பாசிட்டியை 50 ஆக்கிப் பூட்டிவிடுங்கள்.

இன்னொரு அமைப்பையும் இப்போதே மாற்ற வேண்டும். பிரிஃபரன்சஸ் பகுதியில் டூல்ஸ் என்ற இடத்தில் பவுண்டிங் பொக்ஸ் இரண்டு வகை உண்டு. விஷுவல் என்று இருந்தால், கோட்டின் தடிப்பையும் சேர்த்து அளவு காட்டும். 600 என்று கொடுத்த வட்டம் உண்மையில் 590 ஆக இருப்பது இதனால்தான். ஜியோமெட்ரிக் என்று மாற்றுங்கள். அதைவிட நல்லது, கரைகளை ஸ்ட்ரோக் (தடிப்புக் கொடுத்த வெறும் கோடு) ஆக வரையாமலே விடுவது. ஸ்ட்ரோக்கை அளவு மாற்றும்போது தடிப்பு சில நேரம் கூடவே மாறும், சில நேரம் மாறாது. மேலே உள்ள ஒரு சிறு பொத்தான் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் நிரப்பிய வடிவமாகவே வரைந்தால் இந்தத் தலையிடி இல்லை.

வட்டத் தடைப் பலகைக்கு விகிதம் போதும். படத்தில் வெளிவிட்டம் 840 பிக்சல், உள்ளே வெள்ளையின் விட்டம் 672 என்றால் விகிதம் 0.8. வெளிவிட்டம் 600 மி.மீ. ஆனால் உள்விட்டம் 480, கரை 60. கணக்கு 479.3 என்று வந்தால் 480 என்றே எடுங்கள். பலகையை வடிவமைத்தவர் முழு எண்ணில்தான் வடிவமைத்திருப்பார், அந்த 0.7 போனின் பிழை. இரண்டு வட்டத்தையும் மையம் பொருத்தி, பெரியதிலிருந்து சிறியதைக் கன்ட்ரோல் + கழித்தல் கொடுத்து வெட்டி எடுங்கள்.

எண்கோணத்துக்குக் கோணம் கணக்குப் பார்த்துச் சுழற்றத் தேவையில்லை. 600 மி.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள், அதைக் கன்ட்ரோல் + டி மூலம் பிரதி எடுத்து 45 பாகை சுழற்றுங்கள், இரண்டையும் தெரிவுசெய்து இன்டர்செக்‌ஷன் கொடுங்கள். இரண்டுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சி, தட்டையான பக்கம் மேலே இருக்கும் ஒழுங்கான எண்கோணம் வந்துவிடும். பக்க நீளம் 248.5 மி.மீ. இருக்க வேண்டும், அளந்து பாருங்கள்.

மஞ்சள் எச்சரிக்கைப் பலகை 45 பாகை சுழற்றிய சதுரம். சதுரத்தைச் சுழற்றும் முன்பே மூலையின் ஆரத்தைக் கொடுத்துவிடுங்கள். 600 மி.மீ. பக்கத்துக்கு மூலைவிட்டம் 848.5. ஆனால் 40 மி.மீ. ஆரத்தில் மூலையை உருட்டினால் முனைக்கு முனை 815.4தான் வரும். முனைக்கு முனை அளந்து அதையே மூலைவிட்டம் என்று எடுத்தால் பலகை 4 சதவீதம் பிழையாகும். உள்கரையின் ஆரம் வெளி ஆரத்திலிருந்து கரைத் தடிப்பைக் கழித்தது: வெளியே 40, கரை 15 என்றால் உள்ளே 25. இரண்டுக்கும் 40 என்றே வைத்தால் மூலையில் கரை தடித்துத் தெரியும். என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

அம்புகளும் இப்படியே. யூ திருப்பத் தடையின் அம்பைத் தடித்த ஸ்ட்ரோக்கில், இரண்டு நேர்கோடும் ஓர் அரைவட்டமுமாக வரைந்து, ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து (கோட்டை நிரப்பிய வடிவமாக்கி), முக்கோணத் தலையை யூனியன் மூலம் ஒரே வடிவமாகச் சேர்த்தால் முடிந்தது. சமச்சீரான எந்த உருவத்துக்கும் ஒரு பாதியை மட்டும் வரைந்து, பிரதி எடுத்து, திருப்பி ஒட்டுங்கள்.

நடு உருவம்: ட்ரேஸ் இங்கேதான்

நடக்கும் மனிதர், பள்ளிப் பிள்ளைகள், மாடு போன்றவற்றுக்கு உருவத்தை மட்டும் வெட்டி, சாம்பல் நிறப் படமாக்கி, ஜிம்ப்பில் தயார் செய்யுங்கள். படம் சிறியதாக இருந்தால், உருவத்தின் உயரம் 1000 பிக்சல் வரும்வரை க்யூபிக் முறையில் பெருப்பியுங்கள். முதலில் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுப் பெருப்பிக்கக் கூடாது. சாம்பல் விளிம்பில்தான் உண்மையான விளிம்பு எங்கே என்ற தகவல் இருக்கிறது; அதைத் தொலைத்தால் படிக்கட்டுதான் மிஞ்சும். பிறகு பிளர் 2 பிக்சல். பிரதிபலிப்புத் தாள் பலவற்றில் தேன்கூடு மாதிரி அறுகோணக் கோலம் இருக்கும். அது பிளரில் கரையாவிட்டால் ட்ரேஸில் நூற்றுக்கணக்கான துணுக்குகளாக வரும்.

இன்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பெட்டியைத் திறக்க ஷிஃப்ட் + ஆல்ட் + பி (B). சிங்கிள் ஸ்கேன், பிரைட்னஸ் கட்டோஃப். இயல்பான 0.45இல் தொடங்கி, உருவம் மெலிந்தால் கூட்டுங்கள், தடித்தால் குறையுங்கள். மல்டிகலர் பக்கமே போக வேண்டாம். சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் கமரா ஒன்றிரண்டு பிக்சலுக்கு ரோஸ் நிறம் பதிந்திருக்கும். எட்டு நிறத்தில் பிரிக்கச் சொன்னால் அந்த ரோஸும் ஒரு நிறமாகத் தனி வளையமாகிவிடும். தொடக்கத்தில் சொன்ன மயிரிழை இதுதான்.

ஒப்டிமைஸ் மதிப்பை 0.2இலிருந்து 1 வரை கூட்டினால் நோட்கள் குறையும். ஸ்மூத் கோர்னர்ஸ் 1.0 மனித உருவத்துக்குச் சரி. கூரான முனைகள் உள்ள உருவத்துக்கு 0.6 அளவுக்கு இறக்குங்கள். வந்த பாதையை ஒருமுறை மட்டும் கன்ட்ரோல் + எல் மூலம் எளிமைப்படுத்தலாம். விடாமல் அடுத்தடுத்துத் தட்டினால் அதன் வலு கூடிக்கொண்டே போகும். யானையின் தந்தமும் பிள்ளையின் புத்தகப்பையும் ஒரே கட்டியாகிவிடும்.

அத்தோடு விடக் கூடாது. எஃப்2 அழுத்தி நோட்களைப் பாருங்கள். தலை வட்டமா? ட்ரேஸில் வந்த தலையை அழித்துவிட்டு உண்மையான வட்டம் ஒன்றை வையுங்கள். முழங்கால், தோள், பாதம் என்று திரும்பும் இடங்களில் மட்டும் நோட் இருக்கட்டும், நடுவில் இருப்பதை அழியுங்கள். நேர்கோடாக இருக்க வேண்டியது லேசாக வளைந்திருந்தால் அந்தத் துண்டைத் தெரிவுசெய்து ஷிஃப்ட் + எல். நடக்கும் மனிதர் ஒருவருக்கு முப்பது, நாற்பது நோட்டுக்கு மேல் தேவைப்படாது.

மும்மொழி எழுத்து

இடப்பெயர்ப் பலகையில் மேலே சிங்களம், நடுவே தமிழ், கீழே ஆங்கிலம். மூன்றில் எதையும் ட்ரேஸ் செய்யாதீர்கள். தமிழை ஒருபோதும் வேண்டாம். காரணம் ட்ரேஸ் பெட்டியில் இருக்கும் ஸ்பெக்கிள்ஸ் என்ற அமைப்பு. அங்கே கொடுக்கும் எண்ணைவிடச் சிறிய பரப்புள்ள துணுக்கு எல்லாம் தூக்கி எறியப்படும். படத்தில் எழுத்தின் உயரம் 40 பிக்சல் என்றால் மெய்யெழுத்தின் புள்ளி 5 பிக்சல் விட்டம் இருக்கலாம். பரப்பு சுமார் 20 பிக்சல். தாளின் அழுக்கைப் போக்க ஸ்பெக்கிள்ஸை 50 ஆக்கினால் அழுக்கோடு புள்ளியும் போய்விடும். வெள்ளவத்தை வெளளவததை ஆகும், கொட்டாஞ்சேனை கொடடாஞசேனை ஆகும். தமிழ் தெரியாத ஒருவர் கடையில் இருந்தால் அப்படியே வெட்டியும் ஒட்டியும் விடுவார். பிளர் கூடினால் வேறு விதமாகக் கெடும்: புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ற, ண போன்றவற்றின் உள்வெளிகள் அடைபடும்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் இரண்டும் இலவசம், தடிப்பும் பல அளவில் உண்டு. பலகையில் இருக்கும் எழுத்துருவோடு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் தெளிவாக வாசிக்கலாம். இடம் போதாவிட்டால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், நெடுங்கோடுகள் மட்டும் மெலிந்து கோணலாகத் தெரியும். நோட்டோவில் கொண்டென்ஸ்ட் என்ற ஒடுக்கமான வகை இருக்கிறது, அதைப் போடுங்கள். மூன்று மொழிக்கும் ஒரே எழுத்தளவு எண்ணைக் கொடுத்தால் ஒரே உயரம் வராது. தமிழில் ‘ப’வின் உயரத்தை அளந்து படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

எழுத்து சரி என்று தமிழ், சிங்களம் தெரிந்த ஒவ்வொருவர் பார்த்த பிறகே ஒப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை வடிவமாக்குங்கள். தட்டச்சு வடிவத்தின் பிரதியை மறைத்த லேயரில் வைத்திருங்கள். பாதையான பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் யூனியன் கொடுக்க வேண்டும். சில எழுத்துருக்களில் உயிர்க்குறி எழுத்தின் மேல் சற்று ஏறி நிற்கும். யூனியன் இல்லாவிட்டால் அந்த மேற்படிந்த இடத்தில் கத்தி குறுக்கே போகும்.

அச்சகத்தில் போய்த் தட்டச்சு செய்துகொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. பல கடைகளில் இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கிறார்கள். பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அச்சகங்களின் வரைகலை மென்பொருளான கோரல் ட்ரோவின் பழைய பதிப்பில் யூனிகோடை ஒட்டினாலோ கொம்பு வேறாக, அரவு வேறாகச் சிதறும். பாதையாக்கிய கோப்புக்கு இந்த இரண்டும் நேராது.

நிறமும் வெட்டும்

நிறத்தைப் படத்திலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டாம். கடற்காற்றிலும் வெயிலிலும் நின்ற சிவப்பு செம்மஞ்சளாக வெளுத்திருக்கும், அதன் மேல் பஸ் புகை வேறு. ஆர்ஜிபியில் சிவப்புக்கு 200, 16, 46. மஞ்சளுக்கு 255, 205, 0. நீலத்துக்கு 0, 87, 168 என்று வைத்தால் திரைக்கும் புத்தகத்துக்கும் பொருந்தும். ஸ்டிக்கர் என்றால் கோப்பின் நிறம் பெயருக்குத்தான். தாளின் நிறமே வரும். அங்கே முக்கியம், ஒவ்வொரு நிறமும் தனி லேயரில் இருப்பது.

அச்சுக்குப் போகும் கோப்பில் சிவப்பு வட்டத்தின் மேல் வெள்ளை வட்டத்தை வைத்தால் போதும். வெட்டுக்குப் போவதில் அது சரிவராது. வெள்ளைத் தாள் முழுதாக அடியில் இருக்கும், சிவப்பு வளையமாக மேலே வரும். குறுக்குப் பட்டையை வளையத்தோடு யூனியன் செய்து, வெளிவட்டத்துக்கு அப்பால் நீட்டுவதை இன்டர்செக்‌ஷன் மூலம் வெட்டுங்கள். கறுப்பு அம்பு பட்டைக்கு அடியில் போனால் அந்த இடம் மேடாகி ஓரம் தூக்கும். பட்டையின் அகலத்தை அம்பிலிருந்து கழித்துவிடுங்கள். ஆனால் முழு அகலத்தையும் அல்ல, இரு பக்கமும் 1 மி.மீ. குறைத்து. அந்த ஒரு மில்லிமீட்டர் பட்டைக்கு அடியில் நிற்பதால், ஒட்டும்போது கை சற்று விலகினாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது.

கொடுக்கும் முன் வியூ மெனுவில் டிஸ்பிளே மோட், அவுட்லைன். நிறமில்லாமல் கோடு மட்டும் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைப் பாதை, மறந்துபோன துணுக்கு, இன்னும் உள்ளே கிடக்கும் போன் படம் எல்லாம் இங்கே பிடிபடும். படத்தை அழித்துவிட்டு பிளெயின் எஸ்விஜி ஒன்றும் பிடிஎஃப் ஒன்றும் சேமியுங்கள். கோரல் ட்ரோ வைத்திருக்கும் கடைக்குப் பிடிஎஃப் நல்லது.

அளவு மாறுவது இந்த வேலையில் தீராத தொல்லை. இன்க்ஸ்கேப் 0.92க்கு முந்தைய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டன, அதன் பிறகு 96. இன்னொரு வரைகலை மென்பொருளான இலஸ்ட்ரேட்டர் 72 என்று எடுக்கும். அதனால் 600 மி.மீ. பலகை மறுபக்கம் 450 ஆகவோ 800 ஆகவோ திறக்கலாம். கோப்பின் ஓரத்தில், வெட்டாத லேயரில், 100 மி.மீ. நீளமான ஒரு கோட்டை வரைந்து பக்கத்தில் ‘100 மி.மீ.’ என்று எழுதிவிடுங்கள். கடைக்காரர் வெட்டத் தொடங்கும் முன் அந்தக் கோட்டை அவருடைய திரையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். முழு அளவில் பிரதிபலிப்புத் தாளை வெட்டும் முன், மிச்சமாகக் கிடக்கும் சாதாரண ஸ்டிக்கரில் கால் அளவில் ஒன்று வெட்டிப் பார்ப்பதும் நல்லது. மெல்லிய இடங்கள் நிற்கின்றனவா, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.